நீர் பிரியும் நேரம்

(கைவினைப் பயிற்சி முகாம் ஒன்றின் தொடக்க நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் முன்னால் மேசையில் ஒரு மண்தொட்டி, ஒரு மணைப் பலகை, ஒரு கண்ணாடிப் பாட்டில், அக்ரிலிக் வண்ண டியூபுகள் ஐந்து, தூரிகைகள் மூன்று இருக்கின்றன. எல்லோருடைய கையும் டியூபைத் திறக்கத்தான் பரபரக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்த வண்ணம் எப்படிக் காய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூரிகை கழுவுவது முதல் வார்னிஷ் அடிப்பது வரை அக்ரிலிக்கில் நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்த ஒரு செய்தியிலிருந்துதான் கிளைக்கிறது. அது மனத்தில் பதிந்துவிட்டால் உத்திகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

டியூபுக்குள் முக்கியமாக மூன்று பொருள்கள் இருக்கின்றன: நிறத்தைத் தரும் நிறமித் தூள், அதைப் பிடித்துவைக்கும் அக்ரிலிக் பாலிமர், தண்ணீர். பாலிமர் தண்ணீரில் கரைந்திருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக அதில் மிதந்துகொண்டிருக்கிறது. வண்ணத்தைப் பூசியதும் தண்ணீர் இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. ஒரு பகுதி காற்றில் ஆவியாகிறது. மற்றதை அடியில் உள்ள மண்ணோ மரமோ உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் போகப் போக உருண்டைகள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி, உருக்குலைந்து, கடைசியில் ஒரே தோலாக இணைந்துவிடுகின்றன. நிறமி அந்தத் தோலுக்குள் சிக்கிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்பக் கரையாது. பள்ளிக்கூடத்தில் பயன்படுத்திய வாட்டர்கலர் வில்லையில் இருப்பது பிசின். ஈரத்தூரிகை பட்டால் அது மறுபடி கரைந்து வரும். எண்ணெய் வண்ணம் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவது. அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்கிறது, காய்ந்தால் காய்ந்ததுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈரமாக இருக்கும்போது அந்த நுண்ணுருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால் பாலிமர் பால் வெள்ளையாகத் தெரியும். காய்ந்ததும் அது கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அந்த வெண்மை மறைவதால், காய்ந்த வண்ணம் ஈரத்தில் பார்த்ததைவிட ஒரு சாயல் அடர்ந்திருக்கும். நீலத்திலும் ஊதாவிலும் இது நன்றாகத் தெரியும். ஆகவே கலந்த நிறத்தை ஒரு துண்டு அட்டையில் தடவி, காய்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு தொட்டிக்குத் தேவையான நிறம் முழுவதையும் ஒரே தடவையில் கலந்து, மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம்.

இந்தப் பொருளின் வயது அதிகமில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ரோம் 1901-இல் அக்ரிலிக் அமிலத்திலிருந்து உருவாகும் பாலிமர்கள் பற்றித் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதினார். 1907-இல் ஓட்டோ ஹாஸ் என்பவரோடு சேர்ந்து ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் லியோனார்ட் போகூரும் சாம் கோல்டனும் மேக்னா என்ற ஓவிய வண்ணத்தை உருவாக்கினார்கள். அது அக்ரிலிக்தான், ஆனால் டர்பன்டைனில் கரைப்பது. தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக்கை ரோம் அண்ட் ஹாஸ் 1953-இல் வீட்டுச் சுவர்ப் பூச்சுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை ஓவியருக்கான வண்ணமாக்கி 1955-இல் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் விற்றவர் சின்சினாட்டி நகரத்து ஹென்றி லெவிசன். நம் மேசையில் இருப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். சுவருக்கென்று பிறந்தது என்பதால்தான் மரம், மண், துணி, சிமெண்ட் என்று எதன்மேலும் உட்காரும் குணம் இதற்கு இருக்கிறது. கைவினை செய்பவர்களுக்கு இதைவிட இணக்கமான வண்ணம் வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதன் குணத்தை நன்கு அறிந்து வரைந்த ஓர் ஓவியத்தைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி கலிபோர்னியாவுக்குப் போன பிறகு அக்ரிலிக்குக்கு மாறினார். 1967-இல் அவர் வரைந்த 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' இன்று லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. நீல வானம், தட்டையான வீடு, நீச்சல் குளம், யாரோ குதித்ததில் எழுந்த வெள்ளைத் தெறிப்பு, படத்தில் முக்கியமாக அவ்வளவுதான். வீடு முதலிய பெரிய பரப்புகளை ரோலரால் இரண்டு மூன்று பூச்சுகளாக அடித்தார். அந்தச் சிறிய தெறிப்பை மட்டும் மெல்லிய தூரிகைகளால் சிறு சிறு கோடுகளாக வரைய ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். முதலில் தட்டையான பரப்பு, அது காய்ந்த பிறகு அதன்மேல் நுண்ணிய வேலை. மண்தொட்டியில் நாம் செய்யப்போவதும் இதே வரிசைதான்.

இனி அடித்தளம். தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகும் கட்டம் இது. உரிந்துபோன வேலைகளைப் பார்த்தால் குற்றம் பெரும்பாலும் வண்ணத்தில் இருக்காது, அடியில்தான் இருக்கும். நம் ஊரில் இதைத் தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையோடு குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் கோடு போடுவார்கள். கடையில் ஜெஸ்ஸோ என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளைப் பூச்சு அதே வேலையைத்தான் செய்கிறது. அதில் சுண்ணாம்புத் தூளும் டைட்டானியம் வெள்ளையும் அக்ரிலிக் பாலிமரும் இருக்கின்றன. வழுக்கும் பரப்பில் பிடிப்பைத் தரும், உறிஞ்சும் பரப்பில் உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும்.

மண்தொட்டியை எடுங்கள். சுடுமண் தண்ணீரை ஆவலோடு குடிக்கும். ஜெஸ்ஸோ இல்லாமல் பூசினால் வண்ணத்திலுள்ள நீரை நொடியில் இழுத்துக்கொள்ளும். தூரிகை இழுபடும், பூச்சு திட்டுத் திட்டாக விழும். தூசியைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு ஜெஸ்ஸோ அடியுங்கள். செடி வைக்கும் தொட்டியானால் உள்பக்கத்துக்கும் நீர்புகாத பூச்சு ஒன்று கட்டாயம் தேவை. இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் மண்சுவர் வழியாகக் கசிந்து, வெளியே நீங்கள் போட்ட பூவையும் கொடியையும் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். கார்த்திகைக்கு அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுகிறவர்களும் கவனியுங்கள். மண் எண்ணெயையும் உறிஞ்சும். எண்ணெய் ஊறிய இடத்தில் அக்ரிலிக் ஒட்டாது. திரி எரியும் மூக்குப் பகுதியில் வண்ணம் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக், தீப்பற்றும்.

மரத்துக்கு உப்புத்தாள் போதும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் வண்ணத்துக்கு மேலேயும் தெரியும். முதல் பூச்சு விழுந்ததும் மரத்தின் நார்கள் ஈரத்தில் சிலிர்த்து நிற்கும். காய்ந்த பிறகு மறுபடி ஒரு முறை மெல்லத் தேய்த்துவிட்டால் அடுத்த பூச்சு பட்டாக உட்காரும். கண்ணாடிக்கு விரல் படிந்த எண்ணெய்தான் எதிரி. சோப்புப் போட்டுக் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கண்ணாடி எதையும் உறிஞ்சாது என்பதால் அங்கே வண்ணத்தில் தண்ணீரே கலக்கக் கூடாது. தம்ளருக்கும் தட்டுக்கும் வண்ணம் போட்டால் வாய் படும் இடத்தையும் உணவு படும் இடத்தையும் விட்டுவிடுங்கள். துணியானால் முதலில் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். கஞ்சி இருந்தால் வண்ணம் நூலைத் தொடாமல் கஞ்சியின் மேல் உட்கார்ந்து, அதோடு போய்விடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வண்ணம் கெட்டியாக இருக்கிறது என்று நீரை ஊற்றிக்கொண்டே போவது எல்லோருக்கும் வரும் பழக்கம். நீர் கூடினால் பாலிமர் உருண்டைகளுக்கு இடையிலான தூரம் கூடும். அவை ஒழுங்காக இணையாமல், நிறமித் தூள் சரியான பிடிப்பின்றி நிற்கும். காய்ந்த பின் ஈரத்துணியால் துடைத்தால் கையோடு வரும். தூரிகையை நனைத்து, துணியில் ஒற்றி, அந்த ஈரத்தோடு வண்ணத்தை எடுத்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். இன்னும் இளக்கமாக வேண்டுமென்றால் அக்ரிலிக் மீடியம் என்ற நிறமற்ற திரவத்தைச் சேருங்கள். அதில் பாலிமர் இருப்பதால் எவ்வளவு சேர்த்தாலும் பிடிப்பு குறையாது.

இப்போது உத்திகளுக்கு வருகிறேன். பூசிய வண்ணம் மூன்று நிலைகளைக் கடக்கிறது: ஈரம், பிசுக்கு, உலர்வு. ஈரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் சில, உலர்ந்த பிறகு செய்ய வேண்டியவை சில. நடுவில் உள்ள பிசுக்கு நிலையில் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கையை எடுத்துவிட வேண்டும். மேலே தோல் கட்டத் தொடங்கி, அடியில் இன்னும் ஈரம் இருக்கும் நேரம் அது. அப்போது தூரிகை பட்டால் பாதி கட்டிய தோல் கிழிந்து சுருண்டு வரும். திருத்தப் போய்த் திருத்தப் போய்ப் பள்ளம் பெரிதாகும். தொடக்க நிலையில் உள்ளவர்களின் கண்ணீரில் பெரும்பகுதி இந்தச் சில நிமிடங்களில் சிந்துவதுதான். ஒரு இடம் சரியாக வரவில்லையா, விட்டுவிடுங்கள். முழுக்கக் காயட்டும். பிறகு அதன்மேல் புதிதாகப் பூசினால் பழைய தவறு இருந்த இடமே தெரியாது. அக்ரிலிக் தரும் மிகப் பெரிய சலுகை அதுதான்.

ஈரத்தில் செய்வது நிறச் சாய்வு. தொட்டியின் மேல்பகுதியில் மஞ்சளும் அடியில் சிவப்பும் இருந்து இடையில் ஒன்றோடொன்று கரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி முழுவதையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒரு கை அகலப் பகுதியில் இரண்டு நிறத்தையும் தாராளமாகப் பூசி, சற்றே ஈரமான தட்டைத் தூரிகையால் சேரும் இடத்தை இடவலமாக நான்கைந்து முறை தடவுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். பிறகு அடுத்த பகுதி. தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியை அந்த நேரத்தில் அணைத்துவிடுங்கள். சென்னையின் கத்திரி வெயிலில், விசிறிக்கு அடியில், வண்ணம் உங்கள் கைக்கு முன்னால் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் அதே வண்ணம் நிதானமாகக் காயும், ஏனென்றால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: சுமார் 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் உருண்டைகள் ஒழுங்காக இணையாது, தோல் பலவீனமாகும். பனிக்கால இரவில் பூசிவிட்டுப் படுக்காதீர்கள். காய்வதைத் தாமதப்படுத்த ரிட்டார்டர் என்ற திரவமும் கிடைக்கிறது. லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் போனால் பிசுக்கு விலகவே விலகாது. தட்டில் பிழிந்த வண்ணம் காயாமலிருக்க, நனைத்த துணியை மடித்து விரித்து, அதன்மேல் கேக் சுடப் பயன்படும் தாளைப் போட்டு, அதில் வண்ணத்தை வையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

உலர்ந்த பின் செய்வது அடுக்கு வேலை. மெல்லிய இரண்டு பூச்சு, கனமான ஒரு பூச்சைவிட எப்போதும் மேல். கனமாகப் போட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து வெடிக்கும். மஞ்சள் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் நிறம். செங்காவி மண்ணின் மேல் நேராகப் போட்டால் அழுக்காகத் தெரியும். அந்த இடத்தில் முதலில் வெள்ளையைப் போட்டுக் காயவிட்டு, மேலே மஞ்சளைப் போடுங்கள். பூ எரிவதுபோல் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி உலர்தூரிகை. தேய்ந்துபோன, முரட்டுத் தட்டைத் தூரிகை இதற்கு நல்லது. அடர்ந்த நிறத்தில் அடிப்பூச்சு போட்டுக் காயவிடுங்கள். வெளிர் நிறத்தை நுனியில் மட்டும் தொட்டு, துணியில் துடைத்துத் துடைத்து, வண்ணமே இல்லையோ என்று தோன்றும்வரை போக்கிவிட்டு, மேடுகளின் மேல் உரசியும் உரசாமலும் ஓட்டுங்கள். புடைப்பு வேலை உள்ள மண்பானையில் மேடுகள் மட்டும் வெளிச்சம் பட்டதுபோல் எழுந்து நிற்கும். வரையவே வராது என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இதைத்தான். பொருளின் வடிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இதற்கு நேரெதிரான உத்தியும் உண்டு. மீடியத்தில் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு நிறத்தைச் சிறிதளவு கலந்து பூசி, உடனே துணியால் மேட்டை மட்டும் துடைத்துவிட்டால் பள்ளங்களில் பழுப்பு தங்கி, புதிய பொருள் பழங்காலத்துப் பொருளின் தோற்றம் பெறும்.

கோடு இழுக்க நீண்ட மயிருள்ள லைனர் தூரிகை வேண்டும். இங்கே மட்டும் வண்ணம் நீர்மோர்ப் பதத்தில் இருக்கலாம். தூரிகையை முழுக்க நனைத்து, சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றி, விரலால் அல்லாமல் முழங்கையிலிருந்து இழுங்கள். மணைப் பலகையில் கோலம் போடுகிறவர்கள் வளைவின் நடுவில் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் வண்ணம் குட்டையாகத் தேங்கும். புள்ளிக்குத் தூரிகையின் பின்முனை போதும். ஒரு முறை தோய்த்து வரிசையாக வைத்துக்கொண்டே போனால் புள்ளி தானாகச் சிறுத்துக்கொண்டே வரும். எல்லாம் ஒரே அளவில் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தோய்க்க வேண்டும். நேர்க்கோட்டு விளிம்புக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுகிறீர்கள், அடியில் வண்ணம் கசிகிறது. டேப்பின் ஓரத்தை முதலில் அடிப்பூச்சு நிறத்தாலேயே ஒரு முறை பூசிக் காயவிடுங்கள். கசிவதெல்லாம் அந்த நிறமே என்பதால் தெரியாது, இடுக்கும் அடைபட்டுவிடும். பிறகு மேல்நிறத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே டேப்பை மெதுவாக உரித்தெடுங்கள்.

உங்களுக்குத் தந்திருக்கும் ஐந்து டியூபில் கறுப்பு இல்லை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியென்னா. யோசித்துத்தான் கறுப்பை விட்டேன். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியென்னாவையும் கலந்தால் கறுப்புக்கு மிக நெருங்கிய ஆழ்ந்த நிறம் வரும். நீலம் கூடினால் இரவு வானம், பழுப்பு கூடினால் மரத்தடியின் நிழல். கறுப்பு டியூப் கையில் இருந்தால் எந்த நிறத்தையும் இருட்டாக்க அதையே பிழிவோம். எல்லாம் ஒரே மாதிரி மங்கிப்போகும். நிறம் கலக்கும்போது வெளிர் நிறத்தை முதலில் வைத்து, அடர் நிறத்தைத் தூரிகை நுனியளவாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மாற்றிச் செய்தால் மஞ்சள் டியூப் முழுதும் தீர்ந்த பிறகும் பச்சை வெளுக்காது.

கைவினை என்றால் கலைக்கு ஒரு படி கீழே என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எண்ணத்தோடு யாரும் இங்கே உட்கார வேண்டாம். சென்னைக்குத் தெற்கே சோழமண்டல் ஓவியர் கிராமம் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவானபோது, நிலம் வாங்கப் பணம் வந்தது அந்த ஓவியர்கள் செய்து விற்ற பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களிலிருந்துதான். நவீன ஓவியத்துக்குத் தென்னிந்தியாவில் ஒரு வீடு கிடைத்தது கைவினையின் வருமானத்தில்.

கடைசியாக வார்னிஷ். தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும். ஆனால் உள்ளே உள்ள ஈரம் முழுக்கப் போய்த் தோல் இறுக, பூச்சின் கனத்தைப் பொறுத்து நாட்கணக்கிலிருந்து வாரக்கணக்கு வரை ஆகும். ஆகவே அவசரப்பட்டு மூடாதீர்கள். மெல்லிய வேலைக்குக் குறைந்தது மூன்று நாள் விடுங்கள். நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அக்ரிலிக் தோல் வெப்பத்தில் இளகும் பொருள். குளிர்நாடுகளில் அது விறைப்பாக இருக்கும். நம் சித்திரை வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகும் மென்மையாகவே இருக்கும். இரண்டு மணைப் பலகைகளை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒன்றின் வண்ணம் மற்றதோடு போகும். குமிழ்த்தாளில் சுற்றி அனுப்பினால் குமிழின் வட்டங்கள் அப்படியே பதியும். சூடான தம்ளர் வைக்கும் வட்டப் பலகைக்கு இந்த வண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது. மேலே கடினமாக இறுகும் வார்னிஷ் வேண்டும். விற்பனைக்கு அனுப்புகிறவர்கள் வண்ணம் பட்ட முகத்தின் மேல் கேக் சுடப் பயன்படும் தாளை வைத்து, அதன் பிறகே மற்றதைச் சுற்றுங்கள்.

தூரிகை கழுவும் தண்ணீரைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாதீர்கள். அதில் இருப்பது பிளாஸ்டிக். தூரிகையில் மிஞ்சியதை முதலில் பழந்துணியில் துடைத்து எடுங்கள். பிறகு வாளியில் அலசி, தண்ணீரை ஆவியாகவிட்டு, அடியில் மிஞ்சியதைக் குப்பையில் போடுங்கள். தூரிகையைத் தண்ணீரில் நிற்கவைத்துவிட்டுப் போனால் நுனி வளைந்துவிடும். உலோகப் பட்டைக்குள் வண்ணம் காய்ந்தால் மயிர்கள் விரிந்து, மறுபடி கூர்மை வரவே வராது.

இன்றைக்கு வேலை இரண்டே. தொட்டிக்கு வெளியே ஜெஸ்ஸோ, உள்ளே நீர்புகாத பூச்சு. அட்டையில் ஐந்து நிறத்துக்கும் ஒவ்வொரு கட்டம், பக்கத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு கட்டம். ஈரமாக இருக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்துவைத்து, காய்ந்த பிறகு அட்டையோடு ஒப்பிடுங்கள். அது காயும் நேரத்தில் சாப்பிட்டு வரலாம். எழுவதற்கு முன் தூரிகையைக் கழுவி, துணியில் ஒற்றி, படுக்கவைத்துவிட்டு வாருங்கள்.